பதினெட்டாவது கையெழுத்து

மருத்துவமனைக் கொள்முதல் அதிகாரியின் மின்னஞ்சல் சின்னதுதான். அறுபது இயந்திரங்கள் வேண்டும் என்றது முதல் வரி. வடிவமைப்பில் எந்தப் பகுதியை யார் செய்தார், அதை எல்லாருக்கும் கொடுக்க அவருக்கு உரிமை இருந்ததா என்பதற்கு ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டும் என்றது இரண்டாவது வரி. ஆறு வாரத்துக்குள் வேண்டும் என்றது மூன்றாவது.

மெக்கானிக் அக்கா முதல் வரியைப் படித்ததுமே கணவனைக் கூவிக் கூப்பிட்டாள். அவன் வந்து, அவள் தோளுக்கு மேலாக எட்டி, மூன்று வரியையும் படித்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். எதையும் கடைசி எழுத்து வரைக்கும் படித்துத்தான் நிமிருவான்.

"ரெண்டாவது வரியப் பாத்தியா?"

"பாத்தேங்க. கையெழுத்துதானே? வாங்கிட்டாப் போச்சு."

அந்த 'வாங்கிட்டாப் போச்சு' அடுத்த ஆறு வாரமும் அவள் உயிரை வாங்கியது.

ஒரு பெரிய மருத்துவமனையில் பழுதாகும் கருவிகளைச் சரிசெய்வது அவள் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் மாமனாருக்குத் தொண்டையில் அறுவை நடந்தது. கழுத்தில் துளை போட்டு, குழாய் வைத்து, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குழாயில் சளி அடைத்தால் மூச்சு நின்றுவிடும். உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதற்கென்று வாங்கிய இயந்திரம் நாலாவது மாதமே மண்டையைப் போட்டது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. உள்ளங்கையில் பாதி அகலம்கூட இல்லாத ரப்பர். செய்த நிறுவனத்துக்குப் போன் போட்டாள். அந்த மாடலை நிறுத்திவிட்டோம், உதிரிப்பாகம் கிடையாது, அளவைச் சொல்ல முடியாது, அது நிறுவனத்தின் ரகசியம் என்றார்கள்.

"ரப்பர் துண்டுல என்னய்யா ரகசியம்?" என்று அவள் போட்ட சத்தத்தில், பேச முடியாத மாமனார் சிலேட்டை எடுத்து 'மெதுவாம்மா' என்று எழுதிக் காட்டினார்.

அந்தக் கோபத்தில் அவளே ஒன்றைச் செய்தாள். மீன் தொட்டிக்குக் காற்றடிக்கும் பம்ப்பைப் பிரித்து, வால்வுகளைத் திருப்பிப் போட்டு, கெட்டியான ஒரு கண்ணாடி பாட்டிலை மாட்டி, இரண்டு குழாய் வைத்து. வேலை செய்தது. கணவன் அதற்கு 'உறிஞ்சி' என்று பெயர் வைத்தான். வரைபடம், அளவுகள், ரப்பர் சவ்வின் விட்டம் உட்பட எல்லாவற்றையும் இணையத்தில் போட்டாள். கூடவே ஒரு லைசென்ஸ். யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம், யாரும் மாற்றலாம். மாற்றினால் அந்த மாற்றத்தையும் இதே விதியில் ஊருக்குக் கொடுக்க வேண்டும். செய்தவர்கள் பெயரை மறைக்கக் கூடாது.

ஒருவர் பின் ஒருவராகப் பதினெட்டுப் பேர் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பாட்டில் மூடியைத் திருத்தினார். ஒருவர் பேட்டரி வைத்தார். எல்லாவற்றையும் விட முக்கியமான வேலையைச் செய்தவன் சில்லு. மின்னணு நிறுவனம் ஒன்றில் இன்ஜினியர். எதைப் பேசினாலும் சில்லில், அதாவது கம்ப்யூட்டர் சிப்பில், கொண்டுவந்து முடிப்பான் என்பதால் அந்தப் பெயர். உறிஞ்சும் வேகம் அளவை மீறினால் தொண்டைக்குள் சதை கிழிந்துவிடும். வேகத்தை அளந்து, எல்லை தாண்டும் முன் மோட்டாரை நிறுத்துகிற ஒரு சர்க்யூட் போர்டை அவன்தான் வரைந்து கொடுத்தான். தீப்பெட்டி அளவு. அதற்குப் பிறகுதான் டாக்டர்களே உறிஞ்சியைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள்.

யாரிடமும் அவள் கையெழுத்து வாங்கவில்லை. வாங்கச் சொல்லி ஒருத்தி இரண்டு வருடத்துக்கு முன்பே தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். அவள் நாத்தனார். வக்கீல்.

மின்னஞ்சலைக் காட்டியபோது நாத்தனார் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது.

"லைசென்ஸ் நீங்க ஊருக்குக் கொடுக்கறது அண்ணி. உங்களுக்கு அவங்க கொடுத்தாங்கங்கறதுக்கு என்ன இருக்கு?"

"அனுப்பினாங்க. போட்டேன். அதுக்கு மேல என்ன இருக்கணும்?"

"'இது நானே செஞ்சது, கொடுக்க எனக்கு உரிமை இருக்கு, இந்த விதிப்படி கொடுக்கறேன்.' மூணே வரி. அன்னிக்கே எழுதிக் கொடுத்தேன். என்ன சொன்னீங்க ஞாபகம் இருக்கா?"

இருந்தது. 'உதவி பண்ண வர்றவங்ககிட்ட போலீஸ் மாதிரி கையெழுத்துக் கேட்டா எவன் வருவான்?' என்று சொல்லியிருந்தாள்.

"சரி, இப்ப கேக்கறேன். போதுமா?" என்றாள் மெக்கானிக் அக்கா.

முதல் வாரத்தில் ஒன்பது கையெழுத்து வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. இரண்டாவது வாரத்தில் ஒன்று. மூன்றாவது வாரத்தில் அவள் எழுதிய கடிதங்களுக்குக் கணக்கே இல்லை.

பேட்டரி வைத்தவர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார், தேதி போடவில்லை. தேதி கேட்டதும் தேதி போட்டு அனுப்பினார், கையெழுத்து போடவில்லை. பாட்டில் மூடியைத் திருத்தியவருக்குப் பெயரே கிடையாது. இணையத்தில் 'தவளை' என்று மட்டும் இருந்தார். ஏழு பேரிடம் விசாரித்துப் பிடித்தால், ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "தவளைன்னே கையெழுத்து போடவா?" என்று கேட்டாள் அந்த அம்மாள். விளையாட்டா நிஜமா என்று புரிபடவில்லை.

எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டார் ஒரு புரொபசர். வரைபடத்தில் இரண்டு அம்புக்குறியைத் திருத்தியவர். விற்கலாம் என்கிற விதியே தவறு, லாபம் பார்க்கிறவன் கையில் இதைக் கொடுக்கக் கூடாது என்று நாலு பக்கம் எழுதியிருந்தார். விற்கக் கூடாது என்றால் எந்தப் பட்டறைக்காரரும் செய்யமாட்டார், பட்டறைக்காரர் செய்யாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போகாது என்று அவள் ஒரு பக்கம் எழுதினாள். அவர் ஆறு பக்கம் பதில் எழுதினார்.

"ரெண்டு அம்புக்குறி!" என்று சமையலறையிலிருந்து கத்தினாள். "ரெண்டு அம்புக்குறி போட்டுட்டு பத்துப் பக்கம் பேசறாருங்க இந்த மனுஷன்!"

"அதுல நாலு எழுத்துப் பிழை வேற," என்றான் கணவன்.

கடைசியில் அந்த இரண்டு அம்புக்குறியை அழித்துவிட்டு, பழையதைப் பார்க்காமல் கணவனையே வேறு மாதிரி வரையச் சொன்னாள். புரொபசர் பட்டியலிலிருந்து கழன்றார். கணவன் உட்கார்ந்து மூன்று வரியையும் படித்து, ஒரு கமாவைத் திருத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

நான்காவது வாரக் கடைசியில் பதினேழு கையெழுத்து கையில் இருந்தது. சில்லுவிடமிருந்து மட்டும் பதில் இல்லை. கடிதம் படித்ததற்கு அடையாளம் இருந்தது. போன் அடித்தது, எடுக்கவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை பேசுகிறவன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு அவன் நிறுவனத்துக்கே போனாள். வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. மதியம் கழுத்தில் அடையாள அட்டையோடு வெளியே வந்தவன், அவளைப் பார்த்ததும் திரும்பி உள்ளே போய்விடலாமா என்று ஒரு கணம் நின்றான். பிறகு வந்து உட்கார்ந்தான். அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"மூணு வரிடா. படிக்கக்கூட அரை நிமிஷம் ஆகாது."

"படிச்சேன்க்கா."

"அப்புறம்?"

"ரெண்டாவது வரிய என்னால சொல்ல முடியாது. கொடுக்க எனக்கு உரிமை இருக்குங்கறது."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"வேலைக்குச் சேரும்போது ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து வாங்கினாங்க. இந்தத் துறையில நான் எதை வரைஞ்சாலும், ஆபீஸ்ல வரைஞ்சாலும் வீட்ல வரைஞ்சாலும், அது கம்பெனியோடது. நாப்பது பக்கம். யாருக்கா படிக்கறா? உங்க கடிதம் வந்ததும்தான் எடுத்துப் படிச்சேன்."

"வீட்ல உக்காந்துதானே வரைஞ்ச?"

"வீட்லதான். கம்பெனி லேப்டாப்புல."

"அட அறிவுகெட்டவனே!" என்று அவள் சொன்னது கடைக்காரருக்கும் கேட்டது.

"எனக்குத் தெரிஞ்சா செய்வேனாக்கா? நல்லதுதானேன்னு செஞ்சேன்."

"நல்லதுதான். அந்தப் போர்டு இல்லாம அறுபது மெஷினும் வெறும் பாட்டில். கம்பெனிகிட்டயே கேளு. உங்களுக்குத் தேவையில்லாத ஒண்ணு, கொடுத்துடுங்கன்னு கேளு."

கேட்டால், இத்தனை நாளாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதும் தெரிந்துவிடும் என்றான். வேறு வழியில்லை என்று அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அடுத்த நாள் கேட்டான்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. அவனுக்கல்ல, நேராக அவளுக்கு. போர்டு நிறுவனத்தின் சொத்து. அதன் படங்களை உடனே நீக்க வேண்டும். அதைப் பார்த்து வரைந்த எதையும் வெளியிடக் கூடாது. எங்கள் ஊழியரின் பெயர் இந்த இயந்திரத்தோடு எங்கும் சேர்ந்து வரக் கூடாது.

நாத்தனார் கடிதத்தை இரண்டு முறை படித்தாள். "சண்டை போடலாம் அண்ணி. ஜெயிச்சாலும் ஜெயிக்கலாம். ஆனா அதுக்குள்ள அவன் வேலை போயிடும். உங்க ஆறு வாரம் ஆறு வருஷமாயிடும்."

"நான் வேற ஒண்ணு வரையறேன். எனக்கு அந்தப் போர்டு தலைகீழாத் தெரியும்."

"அதனாலதான் நீங்க வரையக் கூடாது."

"என்னது?"

"தலைகீழாத் தெரியும்னு நீங்களே சொல்றீங்க. நீங்க வரைஞ்சா அவன் போர்டோட சாயல் வரும். அதைப் பாக்காத ஆள் ஒருத்தர் வரையணும். இயந்திரம் என்ன செய்யணும்னு மட்டும் நீங்க எழுதிக் கொடுக்கலாம். எப்படிச் செய்யணும்னு வாயத் தொறக்கக் கூடாது."

"என் மெஷின்டி அது!"

"மெஷின் உங்களோடது. போர்டு இல்ல."

அன்று மாலை போர்டின் படங்களை இணையத்திலிருந்து எடுத்தாள். மாமனார் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த உறிஞ்சிக்குள்ளும் அதே போர்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் கழற்ற வேண்டுமா என்று கேட்டாள். வீட்டில் இருப்பதை யாரும் வந்து பிடுங்கமாட்டார்கள் என்றாள் நாத்தனார். அவள் அப்பாவுக்காகத்தான் சொல்கிறாளா, சட்டத்துக்காகச் சொல்கிறாளா என்று மெக்கானிக் அக்கா கேட்கவில்லை.

போர்டைப் பார்க்காத ஆள் ஒருவரைப் பட்டறைக்காரர் பிடித்துக் கொடுத்தார். அறுபதையும் செய்யவிருந்தவர் அவர்தான். பிடித்துக் கொடுத்த ஆள் பட்டறைக் கட்டடத்து லிஃப்ட்டைப் பழுதுபார்க்கிறவர், ஐம்பது வயதிருக்கும், இணையப் பக்கமே போகாதவர். மெக்கானிக் அக்கா இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். இவ்வளவு உறிஞ்ச வேண்டும், இதைத் தாண்டக் கூடாது, இவ்வளவு சத்தத்துக்குள் இருக்க வேண்டும். முதல் வேலையாக அவரிடம் மூன்று வரிக்குக் கையெழுத்து வாங்கினாள். அவர் மூக்குக்கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்துப் போட்டார். லிஃப்ட் கம்பெனியில் சம்பளத்துக்கு இல்லை, சொந்தத் தொழில்தான் என்பதையும் நாத்தனார் எழுதி வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பட்ட பாடுதான் பெரும்பாடு.

லிஃப்ட்காரர் உறிஞ்சும் வேகத்தை அளக்க ஒரு சென்சாரை மோட்டாருக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். மோட்டார் அதிர, சென்சாரும் அதிர்ந்து, கண்டபடி எண் காட்டியது. சில்லுவுக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. நடுவில் நீளமாக ஒரு மெல்லிய குழாயை வைத்து, சென்சாரைத் தள்ளி வைத்தால் தீர்ந்தது. ஒரு சாண் குழாய். அதைச் சொல்லக் கூடாது. பட்டறையில் எதிரே உட்கார்ந்து, மனிதர் மூன்று நாள் சென்சாரை மாற்றி மாற்றி ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, பேயாட்டம் ஆடுது?" என்றார் அவர்.

அவள் வாயைத் திறந்தாள். பக்கத்தில் நாத்தனார் தொண்டையைச் செருமினாள். அவள் வாயை மூடினாள்.

"உனக்குத் தெரியும்ல?" என்றார் லிஃப்ட்காரர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து.

"தெரியும்ணே."

"சொல்ல மாட்ட."

"சொல்லக் கூடாதுண்ணே."

"நல்ல கூத்தும்மா. பதில் தெரிஞ்சவ எதிர்ல உக்காந்திருக்கா, நான் இங்க சுவத்துல முட்டிக்கிட்டிருக்கேன்."

எழுந்து வெளியே போய் நின்றுகொண்டாள். தெருவில் லாரியிலிருந்து தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள். அழுகை வரும்போல இருந்தது, அது கோபமாகத்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. சில்லு மேலா, நாற்பது பக்கம் எழுதியவன் மேலா, எழுதிக் கொடுத்த மூன்று வரியைக் காதில் போட்டுக்கொள்ளாத தன் மேலேயா. மூன்றாவது ஆள் மேல்தான் என்று புரிந்தபோது கோபம் இன்னும் கூடியது.

ஐந்தாவது நாள் லிஃப்ட்காரர் சென்சாரைப் பிடுங்கி மேஜையில் போட்டார். "இது வேணாம்மா. லிஃப்ட்டுல கரென்ட்ட நம்பி ஆளத் தொங்க விட மாட்டோம். எது போனாலும் தானாப் பிடிச்சு நிக்கணும்." ஒரு பித்தளைக் குழாய்க்குள் சின்ன ஸ்பிரிங்கையும் ஒரு குண்டையும் வைத்தார். உறிஞ்சும் வேகம் எல்லையைத் தொட்டதும் குண்டு தானாக இழுபட்டு வெளிக்காற்று உள்ளே போகும், வேகம் குறைந்துவிடும். சில்லும் இல்லை, போர்டும் இல்லை. வேண்டிய அளவுக்குத் திருகிக்கொள்ள மேலே ஒரு திருகு.

அவள் அழுத்தமானியை மாட்டி நாற்பது முறை சோதித்தாள். நாற்பது முறையும் எல்லையில் நின்றது. குறையில்லாமல் இல்லை. குண்டு இழுபடும்போது விசில் மாதிரி சத்தம் வந்தது. திருகு ரொம்ப இறுக்கமாக இருந்தது. ஈரக்கையால் திருக முடியாது. சத்தத்தைக் குறைக்க இன்னும் ஒரு வாரம் ஆனது. மருத்துவமனையின் பரிசோதனைப் பிரிவில் சரியென்று காகிதம் வாங்க இன்னொரு வாரம்.

தன்னுடையதையும் சேர்த்துப் பத்தொன்பது பேரின் கையெழுத்தோடு கோப்பைக் கொண்டுபோய் வைத்தபோது எட்டு வாரமும் நாலு நாளும் ஆகியிருந்தது. கொள்முதல் அதிகாரி கோப்பைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு சுத்தமா எந்தக் கம்பெனியும் எனக்குக் கொடுத்ததில்லம்மா."

"அப்ப ஆர்டர்?"

"போன வாரமே வேற எடத்துல சொல்லியாச்சு. வார்டுல மெஷின் இல்லாம எத்தன நாள் இருக்க முடியும்? அடுத்த வருஷம் மறுபடி கேப்போம். அப்ப வாங்க."

"வேற எடத்துல வாங்கறீங்களே, அதுல ரப்பர் கிழிஞ்சா அளவு கொடுப்பாங்களா சார்?"

அவர் கோப்பை மூடித் திருப்பிக் கொடுத்தார். அது அவர் கேட்க வேண்டிய கேள்விகளின் பட்டியலில் இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் கணினியைத் திறக்கவில்லை. நாலாவது நாள் திறந்து, திட்டத்தின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, பங்களிக்க வருகிறவர்களுக்கான விதியை எழுதினாள். நாத்தனாரின் மூன்று வரி. கீழே அவளே ஒரு வரி சேர்த்தாள்: 'வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள், பிறகு வாருங்கள்.' கணவன் படித்துப் பார்த்து, பிழை இல்லை என்றான். அன்றே இருவர், இது ஆபீஸ் மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு விலகினார்கள். அவள் தடுக்கவில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. சில்லுவின் பெயர். செய்தவர்கள் பெயரை மறைக்கக் கூடாது என்று லைசென்ஸில் எழுதியவளே அவள்தான். நிறுவனத்தின் கடிதம் வந்த பிறகும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அவனே செய்தி அனுப்பிவிட்டான். 'எடுத்துடுங்கக்கா. ப்ளீஸ்.' அவ்வளவுதான்.

பெயர்ப் பட்டியலைத் திறந்தாள். அவளுக்கு அடுத்து இரண்டாவதாக அவன் பெயர் இருந்தது. அதை அழித்தாள். தவளையின் பெயர் மேலே ஏறி வந்தது. சேமிக்கவா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டு, போய் முகம் கழுவிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாங்காவிட்டாலும் வீட்டில் நோயாளி வைத்திருக்கும் எட்டுக் குடும்பங்கள் உறிஞ்சி கேட்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை பட்டறையில் அவற்றைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் இறுக்கமான திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பத்து மணிக்குச் சில்லு வந்து வாசலில் நின்றான். இளைத்திருந்தான். வேலை போகவில்லை, ஆனால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேறு பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள்.

"எதையும் வரைய மாட்டேன்க்கா. யோசனைகூடச் சொல்ல மாட்டேன். ஏதாவது வேலை இருந்தா கொடுங்க."

அவளுக்கு அவனை உட்காரச் சொல்ல மனம் வரவில்லை. போகச் சொல்லவும் வரவில்லை. இன்னும் கோபம் இருந்தது. அதை மறைக்கிற அளவுக்கு நல்லவளாக இருக்கவும் அன்று தெம்பில்லை.

"யாருண்ணே இது?" என்று லிஃப்ட்காரர் பட்டறைக்காரரைக் கேட்டார்.

"தெரிஞ்ச பையன்தான்," என்றாள் மெக்கானிக் அக்கா, தலையைத் தூக்காமல். மூலையில் அட்டைப்பெட்டிக்குள் எட்டுக் கண்ணாடி பாட்டில்கள் கழுவப்படாமல் இருந்தன. அதை நோக்கிக் கையைக் காட்டினாள்.

சில்லு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கினான். குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"சோப்பு போட்டு ரெண்டு தடவை கழுவு," என்றாள் அவள், உள்ளேயிருந்தே.